கொப்பியில் இல்லாத வசனம்

உட்துறைமுக வீதியில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த அக்கா, ரோமாபுரியில் ஒரு குடும்பத்துக்கு வீட்டுவேலை செய்யப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். நெடுத்து மெலிந்த உடம்பு. ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடியேதான் நடப்பார். கன்னியர் மடத்து சிஸ்டர் ஒருவர் இத்தாலிய வசனங்களைத் தமிழ் எழுத்தில் ஒரு கொப்பி நிறைய எழுதிக் கொடுத்திருந்தார்.

அக்கா அவற்றை உட்கார்ந்து படித்ததை நான் காணவில்லை. துறைமுகத்தைப் பார்த்த யன்னலைத் திறக்கும்போது, "ஆப்ரி லா ஃபினெஸ்த்ரா" என்பார். அடுப்படியில் கோப்பை கழுவும்போது, "லாவா இ பியாத்தி." இரண்டு மாதத்தில் அந்தக் குசினியே இத்தாலியம் பேசியது.

ஒரு பின்னேரம் நான் அங்கே இருந்தபோது, கூட்டி முடித்துத் தும்புத்தடியைச் சாத்தினார். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஓ ஃபினீத்தோ. அதெஸ்ஸோ மி சியேதோ" என்றார் உரத்த குரலில். வேலை முடிந்தது, இனி நான் உட்காரப்போகிறேன் என்று அர்த்தமாம்.

"இதுவும் கொப்பியில இருக்கோ, அக்கா?"

"இல்லை, தங்கச்சி. கொப்பியில முழுக்க அந்த வீட்டு ஆக்கள் எனக்குச் சொல்லுறதுதான். நான் அவைக்குச் சொல்ல ஒண்டுமில்லை. இதை நான்தான் சிஸ்டரிட்டைக் கேட்டு எழுதி வாங்கினனான்."

"அவை கோவிக்க மாட்டினமோ?"

"கோவிக்கட்டும். முதல்நாளே சொல்லிப்போட வேணும். பிந்தினால் சொல்ல ஏலாது."

எங்கள் வீட்டிலிருந்து என் மாமியார் தேத்தண்ணி கேட்டுக் கூப்பிட்டார். உடனே எழும்பிப் போனேன். எனக்கு அப்போது கலியாணமாகி ஒன்பது வருடம். அந்த வசனத்தை நான் தமிழில்கூட ஒருவருக்கும் சொன்னதில்லை.