தோற்க முடியாத நேர்காணல்

எனக்கு இருக்கும் ஒரே திறமை குரல். பாடுகிற குரல் என்று நினைத்துவிடாதீர்கள். திருவையாற்றில் உற்சவத்துக்குப் போனால் கூட்டத்தோடு சேர்ந்து முணுமுணுக்கக்கூட வீட்டில் எனக்கு அனுமதி கிடையாது. என்னுடையது, சாலைக்கு அந்தப் பக்கம் போகிற லாரியை இந்தப் பக்கம் நின்றே நிறுத்துகிற குரல். அதை வைத்துக்கொண்டு தஞ்சாவூரில் ஒரு விதை நெல் நிறுவனத்தில் விற்பனை மேலாளராகப் பல வருடங்களை ஓட்டியிருக்கிறேன். விவரம் தெரிந்தவன் என்ற பெயரும் எப்படியோ சேர்ந்துவிட்டது.

அந்த ‘எப்படியோ’வைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தில் திட்டமிடல் மேலாளராக இருந்தவர் ஒரு பெண்மணி. குத்தாலம் பக்கத்து விவசாயக் குடும்பம். வேளாண்மை படித்து, அதற்கு மேல் நிர்வாகமும் படித்தவர். எந்த ஊருக்கு எந்த ரகம், எந்த வாரம், எவ்வளவு என்று முடிவு செய்வது அவர் வேலை. அதைக் கொண்டுபோய்க் கடைக்காரர்கள் தலையில் கட்டுவது என் வேலை. பதவியில் இருவரும் சமம். சத்தத்தில் நான் மேலே.

மாதாமாதம் சென்னையிலிருந்து எங்கள் இயக்குநர் வந்து கூட்டம் நடத்துவார். அந்தப் பெண்மணி சேர்ந்த புதிதில் ஒரு கூட்டத்தில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் வேறு பேச்சை எடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்த எனக்குப் பாவமாக இருந்தது. அவர் சொன்னதையே எடுத்து, முன்னால் ஒரு ஜோக்கை ஒட்டி, உரக்கச் சொன்னேன். இயக்குநர் மேசையைத் தட்டினார். “பாருங்கய்யா, இதான் ஃபீல்டுல இருக்குறவன் பேச்சு.”

அன்றிலிருந்து அதுவே ஏற்பாடாகிவிட்டது. இயக்குநர் கேள்வி கேட்பார். நான் யோசிப்பதுபோல் இடப்பக்கம் தலையைச் சாய்ப்பேன். அங்கே உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்மணி மெல்லிய குரலில் பதிலைச் சொல்வார். நான் நிமிர்ந்து அதை முழங்குவேன். அவருக்கு நான் பெரிய உபகாரம் செய்வதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். கல்யாண மண்டபத்து மைக் செட்டுக்கு, கச்சேரியே தன்னால்தான் நடக்கிறது என்று தோன்றுமா தோன்றாதா?

இப்படி இருக்கும்போது தென்மண்டலத் தலைவர் ஓய்வு பெற்றார். பெரிய நாற்காலி. நாலைந்து மாவட்டம் அல்ல, நாலு மாநிலம். திட்டமிடல் மேலாளர் முறையாக விண்ணப்பித்தார். நான் விண்ணப்பிக்கவில்லை, அந்தப் பதவி காலியானதே எனக்குத் தெரியாது. அடுத்த முறை வந்த இயக்குநர் என்னைச் சாப்பிட அழைத்துப் போய், இலை போட்டதுமே, என் பெயரைத் தானே எழுதிவிட்டதாகச் சொன்னார். எனக்கு ரசம் புரை ஏறியது.

“மேடமும் போட்டிருக்காங்க. கெட்டிக்காரங்கதான், இல்லேங்கல. ஆனா ரெண்டு புள்ளைங்க. வீட்டுக்காரரு கும்பகோணத்துல வேலை. நாலு ஸ்டேட்டு சுத்தணுமே, முடியுமா?”

நான் பெரிய மனிதனைப்போலத் தலையை ஆட்டினேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு என்பது அவருக்கும் தோன்றவில்லை, உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பள்ளி ஆசிரியை. காப்பியடிக்கிற பையனைக் கடைசி பெஞ்சிலிருந்து கண்டுபிடிக்கிறவள். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

“அங்க போனப்புறம் பக்கத்துல யாருங்க உக்காருவா?”

மறுநாள் அலுவலகத்தில் மேடமே என் அறைக்கு வந்தார். சுற்றி வளைக்கவில்லை.

“சார், நானும் அப்ளை பண்ணியிருக்கேன். இத்தன வருஷம் உழைச்சதுக்கு எனக்கு இது வேணும் சார். இனிமே மீட்டிங்ல எனக்குத் தெரிஞ்சத நானே சொல்லிக்கிறேன். கோச்சுக்காதீங்க.”

தாராளமாகச் சொல்லுங்கள் என்று சிரித்தேன். ஒரு வாரம் அந்தப் பெருந்தன்மையை நினைத்து நானே மெய்சிலிர்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூட்டம் மேட்டூர் அணை திறந்த வாரத்தில் வந்தது. டெல்டாவில் மேட்டூர் திறந்த செய்தி வந்தால் மனிதர்களுக்கு ஒரு கிறுகிறுப்பு வரும். இயக்குநர் சென்னையிலிருந்தே அதோடு வந்திருந்தார். தண்ணீர்தான் வருகிறதே, கடைமடைக்கு, அதாவது ஆறும் வாய்க்காலும் போய் முடிகிற கடலோரப் பக்கத்துக்கு, எந்த விதையை அனுப்பலாம் என்று கேட்டார். என் தலை இடப்பக்கம் சாய்ந்தது. அங்கே தண்ணீர்க் கேன் இருந்தது. மேடம் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தார்.

கேனும் நானும் கொஞ்சநேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு சொந்தமாக ஒன்றைச் சொன்னேன். “குறுவைதான் சார். குறுகிய கால ரகத்த ஏத்தி விட்ருவோம். தண்ணி முன்னாடி போகுதா, நம்ம லாரி முன்னாடி போகுதான்னு பாப்போம்.” எல்லோரும் சிரித்தார்கள்.

மேடம் கையை உயர்த்தினார். தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினார். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரப் பல வாரம் ஆகும், கடலோரத்தில் போர்வெல் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும், அங்கே குறுவை போட மாட்டார்கள், நீண்ட கால ரகம்தான் வேண்டும் என்றார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“மேடம் சொல்றது கரெக்டா இருக்கலாம். ஆனா இவரு ஃபீல்டுல பழுத்தவரு. இவரு சொன்னபடியே போவோம்.”

வெளியே வந்து டீக்கடையில் நிற்கும்போது எனக்கு ஒரு மிதப்பு. முதன்முதலாகச் சொந்த மூளையில் உதித்ததற்குப் பாராட்டு அல்லவா? மேடம் டீயை வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

“சார், நீங்க கடைமடைக்குக் கடைசியா எப்ப போனீங்க?”

போன வருடம் கோடியக்கரைக்குக் குடும்பத்தோடு பறவை பார்க்கப் போனதைச் சொன்னேன். பறவை வந்திருந்ததா என்றார். இல்லை, பருவம் தப்பிப் போய்விட்டோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“அனுப்புற விதை திரும்பி வந்துச்சுன்னா, யாரு தப்புன்னு எழுதுவாங்க தெரியுமா? ப்ளானிங்னு எழுதுவாங்க. அடுத்த வாரம் இன்டர்வியூவுக்கு நான் அதோடதான் போய் உக்காரணும். நாளைக்கு ஒரு தடவ வந்து பாத்துருங்க சார்.”

லாரிகள் கிடங்கில் ஏற்றி நின்றன. மறுநாள் காலை கிளம்ப வேண்டியவை. அவற்றை ஒரு பொழுது நிறுத்தச் சொல்லிவிட்டு, அலுவலகக் காரில் திருத்துறைப்பூண்டியைத் தாண்டிப் போனோம். மன்னார்குடி வரை அங்கங்கே நாற்றங்கால் பச்சையாக இருந்தது. அதற்கப்புறம் நிறம் மாறிக்கொண்டே வந்தது. வேதாரண்யத்துக்கு முன்னால் ஒரு வாய்க்காலில் இறங்கிப் பார்த்தேன். ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. என் லாரியோடு பந்தயம் விடவேண்டிய தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை.

எங்கள் கடைக்காரர் ஒருவரைப் பார்த்தோம். மேடம் அவரிடம் இந்தப் பக்கம் என்ன நிலைமை என்று கேட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார்.

“காஞ்ச நெலத்தப் புழுதி ஓட்டிப் போட்டு வெச்சிருக்காங்க சார். ஆவணியில தெளிச்சுட்டு வானத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க.”

எந்த ரகம் கேட்கிறார்கள் என்று மேடம் கேட்டார். நீண்ட கால ரகம் என்று கடைக்காரர் எனக்குச் சொன்னார். எனக்குக் கூச்சமாகி, வாசலில் இளநீர் குடிக்கப் போனேன். மேடம் அடுத்த கேள்வியைக் கேட்டார். கடைக்காரர் கல்லாவை விட்டெழுந்து, இளநீர் வண்டிவரை வந்து, அதற்கான பதிலை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். நான் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“இப்ப யாராச்சும் குறுவை விதைய இங்க அனுப்பினா என்ன பண்ணுவீங்க?” என்று அவருக்குப் பின்னால் நின்றபடி மேடம் கேட்டார்.

“கோழிக்குத்தான் சார் போடணும்” என்றார் என்னிடம்.

மேடம் அங்கிருந்தே இயக்குநரை அழைத்தார். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார், எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். லாரிகளைத் திருவையாறு, குத்தாலம் பக்கம் திருப்பிவிடலாம், அங்கே போர்த் தண்ணீரில் குறுவை நடக்கிறது, கடைமடைக்கு வேறு விதை அனுப்பலாம் என்று மேடம் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். அவர் பெயரையும் சொன்னேன். “நீ சொன்னா சரிதான்யா” என்று வைத்துவிட்டார்.

திரும்பும் வழியெல்லாம் மேடம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வழக்கமாக அந்த மாதிரி அமைதியை நான் ஒரு ஜோக்கால் நிரப்புவேன். அன்று ஒன்றும் வரவில்லை.

நேர்காணல் தஞ்சாவூரிலேயே ஒரு ஓட்டலில் நடந்தது. இயக்குநரும் சென்னையிலிருந்து வந்த இரண்டு பெரியவர்களும். என்னை முதலில் கூப்பிட்டார்கள். உட்கார்ந்ததுமே இயக்குநர் மற்றவர்களிடம் சொன்னார்: “கடைசி நேரத்துல நேர்ல போய்ப் பாத்து லாரிய திருப்பிவிட்டது இவருதான்.”

“அது மேடத்தோட முடிவு சார். கூட்டத்துலயே சொன்னாங்க. நான்தான் தப்பா சொன்னேன்” என்றேன்.

பெரியவர்களில் ஒருவர் நெகிழ்ந்துவிட்டார். எவ்வளவு அடக்கம், பேரை மற்றவர்களுக்குக் கொடுக்கிறாரே, தலைவனுக்கு இதுதானே வேண்டும் என்றார். தாளில் ஏதோ குறித்தார். நல்ல மதிப்பெண் என்று முகமே சொன்னது.

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஜோக்கடித்தே வந்தவன், உண்மையைச் சொன்னால் அதையும் நல்ல குணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சரி, வேறு வழியில் போவோம் என்று, டெல்டாவைப் பற்றி என்னிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். எந்தத் தாலுகாவில் போன பருவம் விற்பனை குறைந்தது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். ஏன் குறைந்தது? அதுவும் தெரியாது. அடுத்த பருவத்துக்கு என்ன திட்டம்? மேடத்தைக் கேட்க வேண்டும் என்றேன்.

“நுணுக்கத்துல மாட்டிக்காத ஆளு” என்றார் இரண்டாவது பெரியவர். “மேல இருக்குறவங்களுக்கு மொத்தப் பார்வைதான் முக்கியம்.”

பள்ளியில் இப்படி மூன்று கேள்விக்கு முழித்திருந்தால் முட்டி போட வைத்திருப்பார்கள். இங்கே நாலு மாநிலம் கொடுக்கப் பார்த்தார்கள். எப்படித்தான் தோற்பது என்று தெரியாமல் வெளியே வந்தேன்.

மேடம் உள்ளே போனார். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கதவு வழியாக அவர் குரல் கேட்டது. நிதானமான குரல். வெகுநேரம் எண்களும் ஊர்களுமாக வந்துகொண்டிருந்தது. பிறகு இயக்குநரின் குரல், குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டது.

“பதில் சொல்றேன் சார். இதையே சார்கிட்டயும் கேட்டீங்களா?”

கதவு திறந்தது. இயக்குநர் என்னை உள்ளே வரச் சொன்னார். என்னிடம் அப்படி ஏதும் கேட்டோமா என்றார். இல்லை என்றேன். நியாயமான மனிதர்தான், இல்லையென்றால் அங்கேயே கேட்டிருக்க மாட்டார்: நான் ஊர் ஊராகச் சுற்றினால் என் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?

“இப்ப பாத்துக்குறவங்கதான் சார். என் வீட்டம்மா. அவங்களும் வேலைக்குப் போறாங்க. நான் தஞ்சாவூர்ல இருக்கேனா, ஐதராபாத்ல இருக்கேனான்னு புள்ளைங்களுக்கு வித்தியாசம் தெரியாது.”

ஜோக் என்று நினைத்து ஒரு பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கே அப்போதுதான் அது ஜோக் இல்லை என்று தெரிந்தது. அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

“மேடம் போட்ட விண்ணப்பம்தான் சார் நிஜமானது. என்னோடத நீங்க எழுதினீங்க. எடுத்துருங்க” என்றேன்.

இயக்குநர் பேனாவை மூடிமூடித் திறந்தார். பிறகு மேடம் பக்கம் திரும்பி, ஆறு மாதம் தற்காலிகப் பொறுப்பாகக் கொடுத்துப் பார்க்கலாமா என்றார். அவருக்கு அது போதும் என்றுதான் நான் நினைத்தேன். நானாக இருந்தால் இனிப்புக் கடைக்கு ஓடியிருப்பேன்.

“சாருக்கா இருந்தா ஆறு மாசம்னு சொல்லியிருக்க மாட்டீங்க சார்” என்றார். “முழுசா குடுங்க. சரியா பண்ணலேன்னா முழுசா எடுத்துக்குங்க.”

முழுசாகவே கொடுத்தார்கள். ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான். அந்த வாரம் அவர் எப்படிச் சாப்பிட்டார், தூங்கினார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

புதிய தலைவராக அவர் நடத்திய முதல் கூட்டத்தில் என்னிடம் ஒரு கேள்வி வந்தது. கடைமடைக் கடைக்காரர்களில் எத்தனை பேர் போட்டி நிறுவனத்துக்கு மாறியிருக்கிறார்கள், ஏன்? மேசையைச் சுற்றி எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். ஜோக்குக்குத் தயாரான முகங்கள்.

“தெரியல மேடம்” என்றேன்.

மொத்தப் பார்வை, அடக்கம் என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டினார்.

“வியாழக்கிழமைக்குள்ள நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துருங்க சார். சரி, அடுத்து குத்தாலம் நிலவரம்.”

புதன்கிழமை விடியற்காலையிலேயே வேதாரண்யத்துக்கு பஸ் ஏறினேன்.