பாஸில் ஊர்ப் பெயர் கிடையாது

சிக்னாவ் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள் வெரேனா. காலை டிக்கெட் கொடுத்த சேதியை மாலைக்குள் ஊர் முழுக்கக் கொடுத்து முடித்துவிடுவாள். லீஸ்பெத்தோடு ஒரே பாட்டுக்குழுவில் பாடுகிறவள் வேறு. அதனால்தான் லீஸ்பெத் அந்தக் கவுண்டர் பக்கமே போகாமல், வியாழக்கிழமை ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நாள் பாஸ் வாங்கினாள். அது இருந்தால் அன்று முழுக்க நாட்டில் எந்த ரயிலிலும் ஏறி இறங்கலாம். ஊராட்சியிடம் நாளுக்கு இரண்டே பாஸ்தான் இருக்கும். யார் முந்துகிறாரோ அவருக்கு. அதில் தேதி மட்டும்தான் அச்சாகியிருக்கும். ஆள் பெயர் இல்லை, போகும் ஊரின் பெயரும் இல்லை. டிக்கெட் என்றால் அதில் கொட்டை எழுத்தில் ரோமன்ஸ்ஹார்ன் என்று இருக்குமே!

ரோமன்ஸ்ஹார்னில் ஒஸ்வால்ட் இருந்தார். ஏரியில் படகு ஓட்டுகிறவர். பெர்ன் நகரத்துப் பாட்டு விழாவில் லீஸ்பெத்தின் தட்டில் சூப்பை ஊற்றுவதாக நினைத்துக்கொண்டு அவள் கையில் ஊற்றினார். மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினார். பிறகு மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லாமலே பதினோரு கடிதம் எழுதினார். பன்னிரண்டாவது கடிதத்தில், "ஞாயிறு பன்னிரண்டு மணி வண்டிக்கு பிளாட்பாரத்தில் நிற்பேன். வரவில்லை என்றால் உங்கள் மனது புரிந்துவிடும், அப்புறம் தொந்தரவு செய்ய மாட்டேன்" என்று இருந்தது.

லீஸ்பெத்துக்கு ஐம்பத்தாறு வயது. கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. முதியோர் இல்லத்தில் துணி இஸ்திரி போடும் வேலை. படுக்கை விரிப்புகளோடு பேசுகிற அளவுக்கு அவள் மனிதர்களோடு பேசியதில்லை.

ஞாயிறு காலை கிளம்பினாள். பெர்னில் வண்டி மாறினாள். ஜூரிக்கில் கடிதத்தை எடுத்து இன்னொரு முறை படித்தாள். ரோமன்ஸ்ஹார்னுக்கு ஒரு நிறுத்தம் முன்னால், அம்ரிஸ்வில்லில், கால்கள் அவளைக் கேட்காமலே இறங்கிவிட்டன. எதிர்த் திசையில் வந்த வண்டியில் ஏறி விண்டர்தூர் வரை திரும்பிவிட்டாள். அங்கே ஒரு வாதுமை ரொட்டி வாங்கித் தின்றாள். பாதி தின்றதும் வெட்கம் வந்தது. மீதியைத் தின்றதும் தைரியம் வந்தது. மறுபடி ரோமன்ஸ்ஹார்ன் வண்டியில் ஏறினாள்.

வைன்ஃபெல்டனில் போகிற வண்டியும் வருகிற வண்டியும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். மணிக்கு மணி அப்படித்தான். அன்றும் நின்றன. எதிர் வண்டியின் ஜன்னலில் வாயைப் பிளந்துகொண்டு ஒஸ்வால்ட் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு மணி வண்டியையும் ஒரு மணி வண்டியையும் பார்த்துவிட்டுப் பொறுக்கமாட்டாமல் அவளைத் தேடிக் கிளம்பியிருந்தார். தொந்தரவு செய்ய மாட்டேன் என்று எழுதிய மனுஷன்!

லீஸ்பெத் குதித்து இறங்கினாள். தண்டவாளத்துக்கு அடியில் போகும் முன்பக்கச் சுரங்கப்பாதை வழியாக ஓடி அவருடைய வண்டியில் ஏறினாள். அதே நேரம் அவர் பின்பக்கச் சுரங்கப்பாதை வழியாக ஓடி அவளுடைய வண்டியில் ஏறியிருந்தார். கதவுகள் மூடின. இரண்டு வண்டியும் சொன்ன நிமிடத்தில் கிளம்பின. எங்கள் ஊர் ரயில்களுக்கு இரக்கம் கிடையாது.

அவர் இருக்கையில் ஒரு தொப்பி, ஒரு கோட்டு, கயிறு கட்டிய ஆப்பிள் கேக் பெட்டி. அவளுடைய கைப்பையும் பாஸும் அந்த வண்டியோடு போயே போய்விட்டன. பரிசோதகர் வந்து நின்றார்.

"டிக்கெட் காட்டுங்கம்மா."

அவள் கையை அந்தக் கோட்டுப் பைக்குள் விட்டாள். வந்தது ஒரு பாஸ்! அதே தேதி. அவள் வராவிட்டால் என்று ஒஸ்வால்டும் தன் ஊர் ஊராட்சியில் முன்பே வாங்கி வைத்திருக்கிறார்.

"சரியா இருக்கு," என்றார் பரிசோதகர். "தொப்பி உங்களுதா? கொஞ்சம் பெருசா இருக்கே."

அவள் சிரித்தாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டாள். வாழ்நாளில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

"அடக் கடவுளே!" என்றார் பரிசோதகர். "ரெண்டு பேரும் ஓடிட்டே இருந்தா இன்னிக்குப் பூரா இப்படியேதான் போகும். யாராவது ஒருத்தர் நிக்கணும்மா."

"எங்க நிக்கிறது?"

"கடைசியா பாத்துக்கிட்ட இடத்துல. இல்ல, நேரா வீட்டுக்குப் போறதுன்னாலும் போகலாம். இதே வண்டி பெர்ன் போகுது. பாஸ் இருக்குல்ல, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அடுத்த நிறுத்தம் ஃப்ராவன்ஃபெல்ட். வீட்டுக்குப் போகிற வண்டியிலிருந்து அவள் தொப்பியைத் தலையில் கவிழ்த்து, கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, கேக் பெட்டியோடு இறங்கினாள். இந்த முறை கால்கள் அவளைக் கேட்டுத்தான் இறங்கின.

அவள் திரும்பி வந்து சேர்ந்தபோது, வைன்ஃபெல்டன் பெஞ்சில் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கோழி அடைகாப்பதுபோல் ஒஸ்வால்ட் உட்கார்ந்திருந்தார்.

"பன்னண்டு மணிக்கு ஏன் வரல?"

"வந்தேனே. ஒரு ஸ்டேஷன் பாக்கி வரைக்கும் வந்தேன்."

"அப்புறம்?"

"திரும்பிட்டேன்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"திரும்ப முடிஞ்சுது. பாஸ் இருந்துச்சே!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பெஞ்சே குலுங்கியது. "இனிமே உனக்குப் பாஸே கூடாது லீஸ்பெத். தொப்பி மட்டும் வச்சுக்கோ, எனக்கு அது இப்படி அழகா இருந்ததே இல்ல."

கத்தி இல்லாததால் கேக்கைக் கையாலேயே பிய்த்துத் தின்றார்கள். அதற்குள் மூன்று வண்டிகள் வந்து போயின. ஒன்றிலும் ஏறத் தோன்றவில்லை.

அடுத்த மாதம், சனிக்கிழமை காலை, சிக்னாவ் கவுண்டரில் வரிசை. லீஸ்பெத்துக்குப் பின்னால் பாட்டுக்குழுவில் பாதிப் பேர்.

"அதிசயமா இருக்கே, எங்கடி?" என்றாள் வெரேனா.

"ரோமன்ஸ்ஹார்ன்."

"நீயா? போக வர ரெண்டுக்குமா?"

"போக மட்டும்."

வெரேனாவின் விரல் பொத்தான்மேல் அப்படியே நின்றது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரிசை முழுக்கக் கழுத்தை நீட்டியது.

"காதுல விழலையா வெரேனா?" என்றாள் லீஸ்பெத். "சத்தமா இன்னொரு தடவை சொல்லவா?"