அரைக்காத்து மாப்பிள்ளை

எங்க அப்பாவோட டயர் கடைக்குப் பின்னாடியேதான் எங்க வீடு. கல்யாணமானா பொண்ணுங்க ஊரு விட்டு ஊரு போவாங்க. நான் எங்க போனேன் தெரியுமா? ஒரு கதவு தாண்டி அடுத்த ரூமுக்கு. அதுக்கு முன்னாடி அது டயர் அடுக்குற ரூம். இப்பவும் பாதி அப்படித்தான். ஜன்னலை மறைச்சு கூரை வரைக்கும் டயர் நிக்குது. துவைச்ச துணியிலகூட ரப்பர் வாசனை. எங்க பொண்ணை ஸ்கூல்ல வீடு வரையச் சொன்னா, டயரை வரைஞ்சுட்டுத்தான் சுவரையே வரைவா.

என் வீட்டுக்காரர் வீட்டோட மாப்பிள்ளை. கடைக்கு வேலைக்கு வந்த மனுஷன். கைவேலையைப் பார்த்து மயங்கி, அப்பா பொண்ணையும் குடுத்து அங்கேயே உக்கார வெச்சுட்டாரு. இவரு கொஞ்ச நேரம் வெளிய போனா போதும், "மாப்பிள்ளை எங்க?"ன்னு அப்பா போடுற சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும். இவருக்கு வெளியில அரைக்காத்துன்னு பேரு. ட்ராக்ல வேகமா ஓட்டுறதுக்கு டயர் கேட்டு வர்றவங்க, காத்தை நல்லா அடிங்கன்னுதான் சொல்லுவாங்க. இவரு, "குறைச்சே வெச்சுக்கோங்க சார். ரெண்டு ரவுண்டு போனா சூட்டுல அதுவா ஏறிக்கும்"பாரு. சிரிச்சுக்கிட்டே போறவன், ஓட்டிப் பார்த்துட்டு அடுத்த தடவையும் இவரைத்தான் தேடி வருவான்.

என் தம்பியும் ட்ராக்ல கார் ஓட்டுறவன். ஜெயிச்சா அது அவன் கைத்திறமை. தோத்தா மச்சான் போட்ட டயர் சரியில்ல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம், அந்தக் கதைதான். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லணுமே! தலையை ஆட்டிட்டு அடுத்த வண்டியோட நட்டைக் கழட்டப் போயிடுவாரு. எனக்குத்தான் வயிறு எரியும்.

அப்பதான் இவரோட அண்ணன் போன் பண்ணாரு. அவரு ஊர்லயும் டயர் கடைதான். "பாதிப் பங்கு உனக்கு, குடும்பத்தோட வந்துடு"ன்னாரு. தனி வீடு, என் சமையல், நான் திறந்து நான் மூடுற வாசல்! எனக்குக் கால் தரையில நிக்கல. அப்பாகிட்ட சொன்னோம். "பார்க்கலாம்"னாரு. எங்க அப்பா பார்க்கலாம்னா அது கிணத்துல போட்ட கல்லு. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க விடல.

இதுக்கு நடுவுல தம்பி ஒரு ரேஸுக்குப் பேரு குடுத்துட்டு, பெரிய பெரிய வீலா நாலு வாங்கிட்டு வந்து எறக்கினான். கறுப்புல பளபளன்னு மின்னுது. என் வீட்டுக்காரர் ஒண்ணைத் தூக்கிப் பார்த்துட்டுக் கீழ வெச்சாரு.

"இது வேணாம்டா. உன் வண்டி இன்ஜினுக்கு இந்தக் கனத்தைச் சுத்தவே மூச்சு வாங்கும். டயரும் இவ்வளவு அகலம். சின்ன வண்டியோட கனத்துக்கு இது சூடே ஆகாது. சூடாகாத டயர் ரோட்டைப் பிடிக்காது. திருப்புறப்ப மட்கார்டுல வேற உரசும். சின்ன வீல் போடு."

"சின்ன வீலா? பொம்மை கார் மாதிரி இருக்கும் மச்சான். எல்லாரும் சிரிப்பானுங்க."

"ரேஸுக்குப் போறியா, மாப்பிள்ளை ஊர்வலம் போறியா?"

சண்டை சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்துடுச்சு. அப்பா தண்ணி டம்ளரை ணங்குன்னு வெச்சாரு. "மாப்பிள்ளை சொல்றதையே மாட்டு. ஜெயிச்சா, வேற ஊரு அது இதுன்னு பேசாம அவரு இங்கயே இருக்கட்டும். தோத்தா தாராளமா அவங்க அண்ணன்கிட்ட போகட்டும். நான் தடுக்க மாட்டேன்" அப்படின்னாரு. அம்மா கண்ணைக் கசக்கினாங்க. எனக்கோ பழம் நழுவிப் பால்ல விழுந்த சந்தோஷம். அதை முகத்துல காட்டாம இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ரூமுக்குள்ள வந்ததும் சொல்லிட்டேன். "ஏங்க, தோத்துடுங்க."

"என்னடி பேசுற? டயர்ல விளையாடக் கூடாது. உன் தம்பி உசுரு அதுல இருக்கு."

"உசுருக்கு ஒண்ணும் ஆகாமத் தோக்க முடியாதா? உங்களுக்குத் தெரியாத வழியா?"

அடுக்கி வெச்ச டயரை ஒண்ணொண்ணா தட்டிப் பார்த்தாரு. அப்புறம் சொன்னாரு. "கெட்டி ரப்பர் டயர் இருக்கு. ஆபத்து கிடையாது. நீளமா ஓடுற ரேஸுன்னா அதுதான் நல்லது. இது குட்டி ரேஸ். அது சூடாகி முடிக்கிறதுக்குள்ள ரேஸே முடிஞ்சுடும்."

"அப்ப அதையே போடுங்க."

"ம்"ன்னாரு. சத்தியமா ம்னு சொன்னாரு. நான் மறுநாளே பாத்திரத்தைப் பிரிச்சு வைக்க ஆரம்பிச்சுட்டேன்.

ரேஸ் அன்னைக்கு நானும் போனேன். சின்ன வீல்ல கெட்டி டயர் மாட்டியிருந்தாரு. பயிற்சிக்குச் சுத்துறப்ப தம்பி வண்டியை ஒவ்வொருத்தனா தாண்டிப் போறான். எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கு. கூடப் பிறந்தவன் தோக்கணும்னு வேண்டிக்கிட்ட பாவி நானாத்தான் இருப்பேன். வண்டி உள்ள வந்து நின்னுச்சு. "மச்சான், பிடிமானமே இல்ல!"ன்னு தம்பி கத்துறான். என் வீட்டுக்காரர் குனிஞ்சு டயர் மேல உள்ளங்கையை வெச்சாரு. உப்பில்லாத சாப்பாட்டைப் பந்தியில போட்டுட்ட சமையல்காரர் மாதிரி முகம் சுருங்கிடுச்சு.

"ஜாக்கைக் கொண்டா"ன்னாரு.

ஓடிப்போய் சட்டையைப் பிடிச்சேன். "என்னங்க பண்றீங்க?"

"என்னால பார்க்க முடியலடி. நல்ல டயரு வேன்ல சும்மா கிடக்கு. இதைப் போட்டு ஓட்ட விட்டுட்டு நான் எப்படி நிக்கிறது?"

"நான் இங்க நிக்கிறேனே, என்னைப் பார்க்க முடியுதா உங்களால?"

என் விரலை ஒவ்வொண்ணா எடுத்து விட்டுட்டாரு. கோபமே இல்ல. சீக்கிரம் சூடாகுற மெத்து ரப்பர் டயர் நாலையும் மாட்டி, காத்தைக் குறைச்சு, கையைத் துடைச்சுக்கிட்டு ஓரமா நின்னாரு. வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழியை உடைச்சுட்டாரே, நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?

தம்பி ஜெயிச்சான். வளைவுக்கு வளைவு ஒருத்தனைத் தாண்டினான். அப்பா பெத்த பிள்ளையை விட்டுட்டு மாப்பிள்ளையைத்தான் கட்டிப் பிடிச்சாரு. "மாடியில ரெண்டு ரூம் கட்டித் தர்றேன். உங்க அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்"னாரு. நான் இவரு வாயையே பார்த்துக்கிட்டு இருந்தேன். இப்பக்கூட ஒரு வார்த்தை சொல்லலாம்.

சொன்னாரு. "ரூம் கிடக்கட்டும் மாமா. டயர் சூடு பார்க்குற மீட்டர் ஒண்ணு வாங்கிடலாமா? எவ்வளவு நாள்தான் கையால தொட்டே பார்க்குறது."

"ஒண்ணு என்ன, ரெண்டாவே வாங்கு!"

சிரிச்சாரு பாருங்க ஒரு சிரிப்பு. எங்க பொண்ணு பிறந்தப்பகூட நான் அதைப் பார்க்கல. எனக்கு அங்கேயே உக்காந்து அழணும்போல இருந்துச்சு.

திரும்பி வர்றப்ப தம்பி வேனை ஓட்டுறான், அப்பா முன்னாடி. நாங்க ரெண்டு பேரும் பின்னாடி, வீலுக்கு நடுவுல. ஓரகத்தி போன் பண்ணாங்க. "வீடு பார்த்தாச்சு, பேசி முடிச்சுடலாமா?"ன்னு கேட்டாங்க. போனை இவருகிட்ட நீட்டினேன். "நீங்களே சொல்லுங்க."

வாங்கினாரு. என்னைப் பார்த்தாரு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

"இப்போதைக்கு வர முடியாது அண்ணி. எனக்கு ஒண்ணும் இல்ல. இவளுக்குத்தான் அப்பா அம்மாவை விட்டுட்டு வர மனசில்ல."

முன்சீட்டுல இருந்து அப்பா திரும்பி, கையை நீட்டி என் தலையைத் தடவிக் குடுத்தாரு.