செவ்வாய்க்கிழமைக் கழுவல்

லாரி ஓட்டி ஓய்ந்த பெரியவருக்குச் சர்க்கரையால் குதிகாலில் புண். ஆஸ்பத்திரியில் அறுத்துச் சுத்தம் செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பின் வீடு தேடிப் போய்க் கட்டு மாற்றுவது நர்ஸக்காவின் வேலை. சனிக்கிழமை புண்ணைப் படமெடுத்து ஆஸ்பத்திரிக்கும் அனுப்புவாள். புதன்கிழமை மட்டும் பெரியவர் ஆஸ்பத்திரியின் புறநோயாளிப் பிரிவுக்குப் போவார். அங்கே கட்டுப் போடுகிறவள் ஒரு சின்னப்பெண்.

வியாழக்கிழமை நர்ஸக்கா போனால் அந்தப் பெண்ணின் புராணம்தான்.

"என்ன கை சிஸ்டர் அது! வலியே தெரியல."

மரத்துப்போன காலில் ஆணி அடித்தாலும்தான் வலி தெரியாது. சொன்னால் பொறாமைக்காரி என்பார்கள். சொல்லாமலே அதுதான் ஆகியிருந்தாள். சின்னப்பெண் ஒட்டிய பட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லாதது வேறு கண்ணை உறுத்தியது.

எனவே செவ்வாய்தோறும் புண்ணைப் பளிச்சென்று கழுவி அனுப்ப ஆரம்பித்தாள். யார் கை என்று அங்கேயும் தெரியட்டுமே. அடிப்பிடித்த பாத்திரம் துலக்குவதுபோலத் தேய்த்தாள். அரும்பிய புதுச்சதையும் பஞ்சோடு வந்தது. பெரியவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

புண் ஆறவில்லை. சின்னப்பெண் மருந்தை மாற்றினாள்; மறுபடியும் மாற்றினாள். பெரிய கைக்காரி கட்டியும் ஆறவில்லை பார் என்று நர்ஸக்காவுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. பெரியவரின் மனைவி வாசலிலேயே நிறுத்திச் சொல்லும்வரை.

"பாதத்தையே எடுக்கணும்ங்கறாரு டாக்டர்."

அன்றே சின்னப்பெண்ணிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, சனிக்கிழமை போட்டோல சதை நல்லா வருது. புதன்கிழமை ரத்தம் கசியுது. நடுவுல என்னக்கா நடக்குது?"

செருப்பு உரசியிருக்கும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"நான்தான் தேச்சேன். நீ பாக்கறப்ப சுத்தமா இருக்கணும்னு."

சின்னப்பெண் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"டாக்டர்கிட்ட கொஞ்சம் டைம் கேக்கறேன். இனி நான் போடற கட்ட நீங்க அவுக்காதீங்க. வீக்கம், சூடு மட்டும் பாருங்க. எதுவா இருந்தாலும் எனக்குப் போன் பண்ணுங்க."

எஜமானி மாதிரி உத்தரவு. நர்ஸக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அதன்படியே நடந்தாள். கட்டுக்கு மேலே தொட்டுப் பார்ப்பாள், அடுத்த புதன்வரை அந்தப் பெண்ணின் கைவேலையைக் காவல் காப்பாள்.

சில வாரங்களில் புண் ஆறத் தொடங்க, டாக்டர் அறுவையை ரத்து செய்தார். மூடிய தோலைச் சின்னப்பெண் படமெடுத்து அனுப்பினாள். நர்ஸக்கா அதைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுதினாள்: "நல்லா மூடியிருக்கு."

அதோடு விட மனம் வரவில்லை.

"ஓரத்துல காய்ப்பு இருக்கு. கவனிச்சியா?"