சம்பந்திக்கு வாங்கிய ஸ்வேட் ஷூ

விழுப்புரத்தில் சென்னை பஸ் ஏறியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் ஷூவில் மடிப்பு விழும் இடத்தை உற்றுப் பார்த்தார். "அசல் தோலுங்க. ரெக்சினா இருந்தா இந்த எடம் வெடிச்சிருக்கும்" என்று சான்றளித்துவிட்டுத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர். அவர் காலில் ரப்பர் செருப்பு, மடியில் ஷூ பெட்டி.

திண்டிவனத்தில் சம்பந்திக்கு அறுபதாம் கல்யாணமாம். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு இவர் எடுத்துக் கொடுத்த தோல் ஷூவை அந்தச் சம்பந்தி சபையில் தூக்கிக் காட்டி, ரெக்சின் என்று சிரித்தாராம். பெண்ணைப் பெற்றவர் வாய் திறக்க முடியுமா?

பெட்டியைத் திறந்து காட்டினார். பழுப்பு நிற ஸ்வேட் தோல், தொட்டால் வெல்வெட்டு.

"இதுக்குப் பாலிஷ் ஆகாதுங்க. காஞ்ச பிரஷ் மட்டும்தான். மெழுகு பட்டா ஜென்மத்துக்கும் சரியாகாது" என்று விதியை எடுத்துச் சொன்னேன்.

"தெரியுங்க. அவரு எந்த ஷூவா இருந்தாலும் டப்பா பாலிஷ தேச்சிக்கினுதான் வெளிய கெளம்புவாரு."

"அப்ப சொல்லிட வேண்டியதுதானே?"

"சபையில ரெக்சின்னு கண்டுபுடிச்ச மனுசன். அவருக்குப் போயி நான் தோலப் பத்தி சொல்றதாங்க?"

திண்டிவனத்தில் இறங்கும்போது, கடைக்காரர் ஷூவோடு கொடுத்திருந்த பிரஷை எடுத்து என் கையில் வைத்தார். "நீங்க வச்சிக்கங்க சார்."

பணிக்காலத்தில் எத்தனையோ பழிவாங்கல்களைக் கோப்புகளில் கண்டிருக்கிறேன். இவ்வளவு மரியாதையாக யாரும் செய்ததில்லை. முறைப்படி நான் ஓடிப்போய் பிரஷைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். காலியான ஜன்னலோரத்துக்கு நகர்ந்து, அவருக்குக் கைகாட்டினேன்.