அசில்கானும் திரும்பாத பாக்கெட்டும்

கரகோல் என்ற மலையடிவார நகரில் ரொட்டிக் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் அசில்கானுக்கு ஜன்னலோர மேசை. மலைக் கணவாய்களில் உள்ள வானிலை நிலையங்களுக்கு அங்கே கணினிப் பெட்டிகள் தயாரித்தார்கள். பெட்டி உயிர்பெற்றதும் அதன் இயங்குதளத்தின் மையமான கெர்னல் தன் நெட்வொர்க் கார்டைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பகுதியை எழுதியவள் அசில்கான். நூறு சோதனைப் பாக்கெட்டுகள், அதாவது சின்னத் தரவுத் துண்டுகள், வரிசை எண்ணோடு கிளம்பி, கார்டுக்குள்ளேயே திரும்பி வரும். அடையாளம் பார்த்து, எண்ணி, மற்ற நிரல்களிடம் போகவிடாமல் அங்கேயே அழித்துவிடுவது அவள் எழுதிய நிரலின் வேலை.

அந்தக் குளிர்காலத்தில், இருபது தடவைக்கு ஒருமுறை, தொண்ணூற்றொன்பதுதான் வந்தது.

"கார்டு மட்டம்க்கா. மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடலாம்" என்றான் உடன் வேலை பார்த்த தெமிர்பெக்.

"கார்டு மேல பழி போடாத. மூணு நாள் குடு."

"மூணு நாளும் ஜன்னலையே பாத்துக்கிட்டு இருப்பீங்க. அதானே?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னது உண்மைதான். வெளியே பனி விழுந்துகொண்டிருக்க, அவள் மனதுக்குள் பாக்கெட்டின் கூடவே போய்க்கொண்டிருந்தாள். மங்கலான, நீளமான வழி. யாரும் பேசாத இடம். முன்னால் போனவை ஒவ்வொன்றாகத் திரும்பி அவளைக் கடந்து வந்தன. இரண்டு நாள் இப்படியே கழிந்தது. ஒன்றும் பிடிபடவில்லை.

ஞாயிறன்று கணவன் சாகின் அவளை அக்சூ வெந்நீர் ஊற்றுக்கு இழுத்துப் போனான். கழுத்துவரை வெந்நீர், தலைமுடியில் பனி. ஆவிக்கு அந்தப்பக்கம் தேவதாரு மரங்கள் மிதந்தன. அசில்கான் கண்ணை மூடினாள்.

"என்ன, தண்ணிக்குள்ளயும் ஆபீஸா?"

"நூறு அனுப்புறேன். ஒண்ணு காணாம போகுதுங்க."

"எந்த ஒண்ணு?" என்றான் சாகின். ஆட்டு மந்தைக்காரரின் மகன் அவன். ஆடு ஒன்று குறைந்தால் எந்த ஆடு என்றுதானே கேட்பார்கள்?

அசில்கான் கண்ணைத் திறந்தாள். எத்தனை என்று மட்டுமே எண்ணியிருந்தாள். எது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. "நீங்க பேசாம இருங்க, பேசாம இருங்க" என்றாள், அவன் அதற்குமேல் வாயையே திறக்காதபோது.

திங்களன்று வராததன் எண்ணை எழுதிக் காட்டச் சொல்லி ஓடவிட்டாள். ஒன்று. மறுபடியும் ஒன்று. எப்போதும் முதலாவது.

பிறகு தேடவே வேண்டியிருக்கவில்லை. பாக்கெட்டை அனுப்பத் தொடங்கிவிட்டு, அதற்குப் பிறகே 'இவை வந்தால் என்னிடம் கொடு' என்று கெர்னலிடம் பதிவு செய்திருந்தாள். பெரும்பாலும் பதிவு முந்திக்கொண்டது. எப்போதாவது முதல் பாக்கெட் முந்தியது. வந்து நின்றதை யாருடையது என்று தெரியாமல் கெர்னல் தூக்கிப் போட்டிருக்கிறது. பதிவு செய்யும் இரண்டு வரிகளை, அனுப்பும் வரிக்கு மேலே நகர்த்தினாள். ஐயாயிரம் முறை ஓடவிட்டாள். ஒருமுறைகூடக் குறையவில்லை.

தெமிர்பெக் திரையை உற்றுப் பார்த்தான். "ரெண்டு வரிய இடம் மாத்தத்தான் மூணு நாளாக்கா?"

"ஆமா. நீ கார்டைத் திருப்பி அனுப்பியிருந்தா மூணு மாசம்."

அவன் சிரித்துக்கொண்டே கீழே போய் இருவருக்கும் சூடாக, இறைச்சி வைத்து அடுப்பில் சுட்ட சம்சா வாங்கி வந்தான். காகிதத்தில் எண்ணெய் ஊறிப் பரவியது. அசில்கானுக்கு நிம்மதிதான். ஆனால் இத்தனை நாள் கூடவே நடந்த அந்த மங்கல் வழியில் இனி தனக்கு வேலை இல்லை என்பது லேசாக உறுத்தியது. சம்சாவைக் கடித்தபடி அடுத்த பெட்டியின் மூடியைக் கழற்றத் தொடங்கினாள்.