மந்திரி தானாகச் சேர்த்த வரி

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து இருபதுக்கு, பிரதியில் இல்லாத ஒரு வரியை என் மகள் மேடையில் சொன்னாள்.

நான் திரைக்குப் பக்கத்தில் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, வசனம் மறப்பவர்களுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி அரங்கம். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, பழைய துன்பியல் நாடகங்களின் பாணியில் நாங்களே எழுதிய கதை. ராஜா, ராணி, நடுவில் ஒரு மந்திரி. அவன் காதில் ஓதி ஓதியே ராஜாவின் கையால் ராணியைக் கொல்ல வைப்பான்.

மந்திரி வேடத்துக்கு ஆண்கள் யாரும் முன்வரவில்லை. பதினேழு வயது என் மகள்தான் ஒட்டு மீசையோடு நின்றாள். ராஜாவாக நடித்தவர், துபாய் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து வந்தவர். புதுக்கோட்டைப் பக்கம் ஊர். மூன்று வருடமாக லீவு கிடைக்கவில்லை. அவருடைய கேம்ப் ஆட்கள் இரண்டு பஸ் நிறைய வந்து பின்வரிசைகளை நிரப்பியிருந்தார்கள்.

மேடையில் மகள் ராஜாவை நெருங்கினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"வெள்ளிதோறும் தங்கள் ஓலைக்குக் காத்திருக்கும் ராணியார், இன்று காலையிலிருந்து தூதனுக்குக் கதவே திறக்கவில்லையாம். நான் எதுவும் சொல்லவில்லை, அரசே."

பக்கத்தைப் புரட்டினேன். எங்குமே இல்லை. நிமிர்ந்தபோது ராஜாவின் முகம் வெளுத்திருந்தது. அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் காதில் விழவில்லை. கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தின் நடுவே நடந்து வெளியே போய்விட்டார்.

அரங்கம் அதிர்ந்தது! கேம்ப் ஆட்கள் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். "அண்ணே, என்னா நடிப்புண்ணே!"

திரையை இழுத்து இடைவேளை என்று அறிவித்தோம். மகள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, பார்த்தீங்களா? அங்கிள் ரியலாவே நம்பிட்டாங்க!"

"அந்த வரி எங்கேருந்துடி வந்துச்சு?"

"மீசை ஒட்டும்போது அங்கிள்தான் சொன்னாங்க. வெள்ளிக்கிழமை ஆனா வீட்டுக்குப் போன் பண்ணுவாங்களாம். இன்னைக்குக் காலையிலேருந்து ரிங் போகுதாம், ஆன்ட்டி எடுக்கவே இல்லையாம். நான் சும்மா சீனுக்கு..."

பாதியிலேயே நிறுத்திவிட்டாள். அவளுக்கே புரிந்துவிட்டது.

இத்தகைய வில்லன்கள் கத்தியைத் தொடுவதே இல்லை. பொய்கூடப் பெரிதாகச் சொல்வதில்லை. நாம் நம்பி வாய்விட்டுச் சொன்ன பயத்தை எடுத்து, கொஞ்சம் திருப்பி, நம்மிடமே நீட்டுகிறார்கள். ஒத்திகையில் இதை விளக்கியவள் நான்தான். அவள் அதை அப்படியே செய்துவிட்டாள். எவ்வளவு அருமையாகச் செய்தாள்! அந்தப் பெருமையும் ஒரு மனிதரின் குடும்பத்தைக் கெடுத்துவிட்டோமோ என்ற நடுக்கமும் ஒரே நேரத்தில் நெஞ்சை இடித்தன. வெளிநாட்டில் தனியாக இருப்பவருக்கு வீட்டின் குரல் அந்தத் தொலைபேசியில் மட்டும்தான். அது வெறுமனே அடித்துக்கொண்டிருந்தால் மனம் எங்கெல்லாம் போகும்!

அவருடைய அறைத்தோழர் ஒருவரை அழைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"பயப்படாதீங்கக்கா. ராசா வேசத்துல எங்க போயிருவாரு? ரோலாவே திரும்பிப் பாக்கும்ல."

சிரிக்க முடியவில்லை. ஊருக்குப் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் வாசல், பஸ் நிற்குமிடம், போன் கார்டு கடை என எல்லா இடத்திலும் பார்த்தோம். ஒரு கடைக்காரர், "ராஜா இதர் ஆயா தா, பாய்," ராஜா இங்கே வந்தாரே என்று இந்தியில் சொல்லி, அவர் கார்டு வாங்கிக்கொண்டு போன திசையைக் காட்டினார். அங்கே தொலைபேசிக் கூண்டு காலியாக இருந்தது.

திரும்பி வந்தபோது அரங்கத்தில் எல்லோரும் கைதட்டி ராஜாவை அழைத்துக்கொண்டிருந்தார்கள். மகள் மீசையைப் பிய்த்துவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

ஆறு மணிக்குப் பின்கதவு திறந்தது. கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் வந்தார். வியர்வையில் முகப்பூச்சு வழிந்திருந்தது. என் மகள் எழுந்து நின்றாள்.

"எடுத்துட்டா பாப்பா," என்றார். "நடவாம். செல்போன வீட்டுலயே வச்சிட்டு விடியக்காலைல வயலுக்குப் போயிட்டா, இப்பத்தான் வந்திருக்கா. எடுத்த எடுப்புலயே கத்தித் தீத்துட்டேன். அவ அழுதுட்டா. அப்பறம் மன்னிப்புக் கேட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, கடைசி சீன மாத்துங்க. மந்திரிய வேணா வெட்டுறேன். ராணிய இன்னைக்கு என்னால கொல்ல முடியாது."